குப்புறப் படுக்க வைத்துப் பால் கொடுங்கள்

கண் திறக்காத நாய்க்குட்டிக்குப் பால் கொடுப்பது சுலபமான வேலை என்று நினைப்பவர்கள்தான், கடைசியில் அட்டைப்பெட்டியோடு எங்கள் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நிற்பார்கள். நானும் அப்படி நினைத்துத்தான் இந்த வேலையில் சேர்ந்தேன். மதுரையில் ஒரு சின்ன நாய் ஆஸ்பத்திரி. ஒரு டாக்டரம்மா, உதவிக்கு நான். தாயில்லாத குட்டிகள் வந்தால் அவை என் பொறுப்பு. தெருவில் கத்திக்கொண்டு கிடந்ததை மனசு கேட்காமல் தூக்கி வந்துவிட்டு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கடிகாரம் பார்த்தே பாதியாகிப் போனவர் யாராவது இதைப் படித்தால், வாங்க, நீங்கள் நம்ம ஆள்.

முதல் மாதம்

இதை மறைத்தால் மற்றதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. பிறந்து மூன்றே நாளான ஐந்து குட்டிகள். வெளியே கூட்டம் காத்திருந்தது. நான்கு குட்டிகள் குடித்து முடித்துவிட்டன. ஐந்தாவது, மூக்கு மட்டும் வெள்ளையாக இருந்த பெட்டைக்குட்டி, சொட்டுச் சொட்டாகத்தான் உறிஞ்சியது. ஊசி இல்லாத சிரிஞ்சில் கொடுத்துக்கொண்டிருந்தேன். சீக்கிரம் முடியட்டுமே என்று கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தினேன். மூக்கு வழியாகப் பால் நுரைத்து வந்தது.

டாக்டரம்மா ஓடி வந்து மூக்கையும் வாயையும் சுத்தம் செய்தார், மருந்து கொடுத்தார். ஆனால் நுரையீரலுக்குள் போன பால் போனதுதான். மறுநாள் மத்தியானம் அது மூச்சுத் திணறிச் செத்தது. துணியில் சுற்றி வைத்துக்கொண்டு அழுதேன். டாக்டரம்மா திட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றே ஒன்று கேட்டார்: "அவசரம் உனக்கா, குட்டிக்கா?"

ஷேர் ஆட்டோவில் மூன்று பேர்

அன்றைக்கே முடிவு செய்தேன், என் கண் முன்னால் இனி ஒரு குட்டிக்கும் புரையேறக் கூடாது என்று. அதனால்தான் அவனியாபுரத்து ஷேர் ஆட்டோ டிரைவர் முருகேசன் அண்ணனின் கையிலிருந்து பால் பாட்டிலைப் பிடுங்கினேன். ஸ்டாண்டில் சுற்றிய நாய் லாரியில் அடிபட்டுப்போக, அதன் மூன்று குட்டிகளையும் கொண்டு வந்திருந்தார். எங்கள் பெஞ்சிலேயே உட்கார்ந்து, ஒன்றை மடியில் மல்லாக்கப் போட்டுப் பாட்டிலை வாயில் வைத்துவிட்டார்.

"எம் மூணு புள்ளைக்கும் இப்படித்தான் தங்கச்சி குடுத்தேன்" என்று முறைத்தார். "மனுசப் புள்ள வேற, இது வேறண்ணே. தாய் வயித்துல முட்டிக் குடிக்கிற மாதிரி குப்புறத்தான் கிடக்கணும். தலையை லேசா நிமித்துனாப் போதும். பாட்டிலை அமுக்கக் கூடாது, அதுவா உறிஞ்சட்டும்" என்றேன். தலையை ஆட்டினார். மறுபடி பார்த்தால், கை பழக்கதோஷத்தில் மல்லாத்திக்கொண்டிருந்தது! விடுவேனா? கை பழகும்வரை தினமும் என் முன்னால் வந்துதான் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். மனுஷர் சவாரிக்கு நடுவே தவறாமல் வந்தார். ஒரு குட்டியும் சாகவில்லை. மூன்றும் கண் திறந்த அன்று அவர் பெஞ்சைவிட்டு எழுந்திருக்கவே இல்லை. ஆட்டோவில் காய்கறிக் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா வாசலில் தலையை நீட்டினார்: "அண்ணே, உங்க புள்ளைக குடிச்சு முடிச்சிருச்சுன்னா நாங்க வீடு போய்ச் சேரலாமா?"

ஒரு சொட்டுக்கூட கிடையாது

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து டவுன் பஸ் பிடித்து வந்தவர் பேச்சியம்மாள். ஆடு வளர்க்கிறவர். பட்டிக்குள் மழைத்தண்ணீர் புகுந்து, காவல் நாயும் குட்டிகளும் போய், மிஞ்சியது ஒன்றுதான். ஒரு கையில் அது. இன்னொரு கையில் தூக்குவாளி நிறைய ஆட்டுப்பால்.

குட்டியின் வாய்க்குள் விரல் வைத்துப் பார்த்தேன். சில்லென்று இருந்தது, உறிஞ்சவும் இல்லை. உடம்பு குளிர்ந்து கிடக்கும்போது பால் போனால் செரிக்காது. புரையேறித் தொண்டையையும் அடைக்கும். "சூடு ஏறுற வரைக்கும் ஒரு சொட்டுக்கூட கிடையாதும்மா" என்றேன். அவருக்கு வந்ததே கோபம்! "பச்ச மண்ணு பட்டினி கிடக்கு, பாத்துக்கிட்டு நிக்கச் சொல்றியே, நீயெல்லாம் ஒரு பொம்பளையா?"

குட்டியைத் துவட்டி, அவர் சேலைக்குள் வயிற்றோடு ஒட்டி வைத்தேன். பக்கத்தில் துணி சுற்றிய வெந்நீர் பாட்டில். ஒரு மணி நேரத்துக்கும் மேலே ஆனது. அவர் தூக்குவாளியைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார். என் மனசு இளகுவது எனக்கே தெரிந்தது. ஆனாலும் அசையவில்லை. கடைசியில் அது நெளிந்து, வாயால் துழாவ ஆரம்பித்தது. ஆட்டுப்பாலில் இதற்கு வேண்டிய சத்து போதாது என்பதால், நாய்க்குட்டிகளுக்கென்று விற்கும் பால் பவுடரை டாக்டரம்மா வெதுவெதுப்பாகக் கரைத்துத் தர, குப்புறப் படுத்து இழுத்து இழுத்துக் குடித்தது. பேச்சியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்: "பசிச்ச வாயப் பாத்துக்கிட்டு கையக் கட்டி உக்காந்தது இதான் மொதத் தடவ தாயி. இன்னொரு தடவ இப்படி உக்கார வச்சிராத."

மெத்தைக்கடை பாய்

கோரிப்பாளையத்தில் மெத்தைக்கடை வைத்திருக்கும் பாய் இரண்டு குட்டிகளோடு வந்தார். எல்லாம் சரியாகத்தான் செய்திருந்தார். "தொழுகைக்குச் சுத்தம் வேணும், வீட்டுல சேக்க முடியாதும்மா. கடைக்குப் பின்னால வச்சிருக்கேன். அதுக்காகப் பசியோட விட முடியுமா?" என்றார். பால் அளவு சரி, சூடு சரி. ஆனாலும் இரண்டு குட்டிகளுக்கும் வயிறு உப்பி, ஓயாத கத்தல். "ஒண்ணுக்குப் போச்சா பாய்?" என்றேன். "அதுவாப் போகும்ல?" என்றார்.

போகாது. முதல் மூன்று வாரம் தாய் நக்கிவிட்டால்தான் போகும். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் அடிவயிற்றுக்குக் கீழே மெதுவாக வருடினேன். மேஜையில் விரித்த பேப்பர் முழுக்க நனைந்தது. கத்தல் நின்றது. பாய் பஞ்சையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்: "முப்பது வருசமா பஞ்சோட கிடக்கேன், இதுக்கு இப்படி ஒரு வேலை இருக்குன்னு ஒருத்தனும் சொல்லலியேம்மா!"

இத்தனை வருடத்தில் பால் குடிக்கத் தெரியாத குட்டி ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. கொடுக்கத் தெரியாத மனிதர்களைத்தான், என்னையும் சேர்த்து, எண்ணி முடியவில்லை.