வெள்ளைப் படகும் நீலப் படகும்

வேலை பார்க்கும் மருந்துக்கடையில் அவளுக்கு ‘அளவுக்காரி’ என்று பெயர்; எதையும் அளந்து பார்க்காமல் விடமாட்டாள். அப்படிப்பட்டவள் படகு வாங்கக் கிளம்பினால் சும்மா இருப்பாளா? பார்த்த படகிலெல்லாம் அடுப்பின் மேல் தண்ணீர்ப் பாத்திரத்தை வைத்து ஆடுகிறதா என்று பார்த்தாள். படுக்கையில் நீட்டி நிமிர்ந்து படுத்தே பார்த்தாள். லீவு விட்டால் குடியிருக்கிற மாதிரி ஒரு படகு அவளுக்கு வேண்டும். லிஃப்ட் மெக்கானிக்கான கணவருக்கோ, நாளெல்லாம் மேலும் கீழும் போய் அலுத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்தில் நாலு பேரையாவது முந்த வேண்டும். இரண்டுக்கும் ஆகிற ஒரே பாய்மரப் படகைத் தேடி அலைந்து, கடைசியில் இரண்டு படகுகளில் வந்து நின்றார்கள்.

வெள்ளைப் படகு இலேசானது, பறக்கும். அதன் பின்பக்கம் அடைப்பே இல்லாமல் தண்ணீர் மட்டம் வரை படியாக இறங்கியது. “வாசக்கதவு இல்லாத வீடு மாதிரி இருக்குங்க” என்றாள் அவள். நீலப் படகுக்குக் கனத்த உடம்பு, உயர்ந்த பக்கங்கள், உள்ளே நல்ல சமையலறை. அதை விற்கவந்தவர் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர், முட்டி ஒத்துழைக்கவில்லை. “அசைஞ்சு கொடுக்கவே நாளாகும் போலிருக்கே” என்று கணவர் சொன்னதில் டீச்சர் முகம் சுண்டிவிட்டது.

“ரெண்டையும் சேர்த்து ஓட்டிப் பாத்துடுங்க, சண்டை தீந்துடும்” என்றார் படகுகளைக் காட்ட வந்த தரகர்.

அவரும் கணவரும் வெள்ளையில் ஏறினார்கள். அவள் டீச்சரோடு நீலத்தில். கரை கண்ணுக்குச் சின்னதானதும், தரகர் வேகத்தைக் காட்ட ஆசைப்பட்டு முன்னால் காற்றில் உப்பும் பலூன் பாயை விரித்தார். வெள்ளை சிட்டாய்ப் பறந்தது. கணவர் திரும்பிப் பார்த்துக் கையாட்டினார். அந்த நேரம் பார்த்துக் காற்று திசை மாறியது. பாய்மரத்துப் பெரிய பாயின் அடியில் குறுக்கே கிடக்கும் கட்டை சுழன்று வந்து அவர் தோளில் அறைந்தது. ஆள் கடலில்.

“டீச்சர்! விழுந்துட்டார்!”

“கண்ணை எடுக்காதே! கையை நீட்டிக் காட்டிக்கிட்டே இரு!”

தரகர் தனி ஆள். அந்தப் பலூன் பாயை இறக்கமுடியாமல் அவர் திண்டாட, வெள்ளைப் படகு தரகரை இழுத்துக்கொண்டு தூரத்தில் போய்விட்டது. நீலம் திரும்பியது, ஆனால் எத்தனை மெதுவாக! அலைக்கு நடுவே கணவரின் லைஃப் ஜாக்கெட்டின் மஞ்சள் நிறம் தெரிந்தது, மறைந்தது, தெரிந்தது. முதல் முறை அவரைத் தாண்டிப் போய்விட்டார்கள். அவள் வாய்விட்டு அலறினாள்.

இரண்டாம் முறை குப்புறப் படுத்து ஜாக்கெட்டின் கழுத்துப் பட்டையைப் பிடித்துவிட்டாள். பிடித்து என்ன பயன்? அவள் கைக்கும் தண்ணீருக்கும் நடுவே அந்த உயர்ந்த பக்கம் மதிலாக நின்றது. ஏணியில் ஏற அடிபட்ட தோள் அவருக்கு இடம் கொடுக்கவில்லை. டீச்சர் முட்டியை மறந்து வந்து சேர்ந்து இழுத்தார். ஒரு சாண்கூட மேலே வரவில்லை. கணவருடைய உதடு நீலம் பாரித்திருந்தது.

“என்னங்க, என்னைப் பாருங்க. தூங்கக்கூடாது!”

“கை... வரலை” என்றார் அவர்.

பாயை ஒருவழியாக இறக்கிவிட்டு, வெள்ளைப் படகு என்ஜினைப் போட்டுத் திரும்பி வந்தது. தரகர் என்ஜினை அணைத்துவிட்டுப் பின்படியில் குப்புறப் படுத்தார். இடையில் நாலு முழம் தண்ணீர். இன்னும் நெருங்கினால் இரண்டு படகும் சேர்ந்து தண்ணீரில் கிடப்பவரை நசுக்கிவிடும்.

“விடுங்கம்மா! அலை இந்தப் பக்கம் தள்ளும், நான் பிடிச்சுக்கறேன்!”

“மாட்டேன்!”

“உங்களால தூக்க முடியாதும்மா! விடுங்க!”

அவள் விரல்கள் மரத்து, விரியமாட்டோம் என்றன. கண்ணை மூடிக்கொண்டு விட்டாள். தரகர் பட்டையைப் பற்றி, அடுத்த அலை தூக்கிக்கொடுத்த தருணத்தில், மீன்வலையை இழுப்பதுபோல் அவரைப் படியில் இழுத்துப் போட்டார்.

பிழைத்தார். தோளுக்கு ஆபரேஷன் ஆயிற்று. அந்தக் கை தலைக்கு மேல் போவதில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, “உனக்குப் பிடிச்ச நீலத்தையே வாங்கிக்கோ. எனக்கு வேகமும் வேணாம், ஒண்ணும் வேணாம்” என்றார்.

“வெள்ளைதான்” என்றாள். “விழுந்தா ஏத்திக்க முடியற படகு.”

“அதுலருந்துதாண்டி விழுந்தேன்!”

ஆனாலும் அவள் மனசை மாற்றிக்கொள்ளவில்லை. வெள்ளையைத்தான் வாங்கினார்கள். ஞாயிறுதோறும் அவளும் தரகரும் பந்தயத்துக்குப் போகிறார்கள், வரிசையில் நடுவில் எங்கோ வருகிறார்கள். கணவர் படகில் கால் வைப்பதில்லை. கரையில் நின்று பாய்களை எண்ணுகிறார். ஒன்று கணக்கில் வராவிட்டால் அவருக்கு மூச்சு வாங்குகிறது; இன்னொரு முறை முதலிலிருந்து எண்ணுகிறார்.