எதிரணி பெஞ்சுக்குப் போன பையன்

கார்னி ஃப்ரீசன் திங்கள் முதல் வெள்ளி வரை பள்ளிப் பேருந்து ஓட்டுவார். சனி, ஞாயிறு வந்துவிட்டால் பனித்தரை போட்ட ஐஸ் ஹாக்கி ரிங்குகளுக்குப் பையன் பார்க்கப் போய்விடுவார். கனடாவின் சஸ்காட்செவனில் ஒரு ஜூனியர் அணிக்காகப் பத்தொன்பது வருடமாக இதே வேலை. பெண் பார்க்கிற மாதிரிதான், ஆனால் சொஜ்ஜி பஜ்ஜி கிடையாது. கிரேவி ஊற்றிய உருளைக்கிழங்கு வறுவலைத் தானே வரிசையில் நின்று வாங்கித் தின்ன வேண்டும். அணி அவருக்குக் கொடுத்தது பெட்ரோல் செலவும், முதுகில் சின்னம் போட்ட ஒரு ஜாக்கெட்டும். அறுபத்தொரு வயது மனுஷன் அந்த ஜாக்கெட்டைப் போட்டால் முதுகு தானாக நிமிரும்.

பார்ப்பதும் எழுதி அனுப்புவதும் மட்டுமே அவர் வேலை. முடிவெடுப்பது மேலே இருக்கிறவர்கள். அது அவருக்கும் தெரியும். ஆனால் அந்தப் பிப்ரவரி சனிக்கிழமை வரை அது அவரை உறுத்தியதில்லை.

அன்று வில்லோ பெண்ட் ரிங்கில் போட்டி. வெளியே மைனஸ் முப்பத்தொன்று. கார்னி மாதிரி அணிக்கு ஆள் தேடுகிற எல்லா ஸ்கவுட்டுகளும் பார்க்க வந்தது ஒரே பையனைத்தான். பெயர் டாசன் கோவல். பதினாலு வயதில் ஆறடிக்கு மேல் வளர்ந்து நின்றான். இடித்துத் தள்ளிக்கொண்டு கோல் வாசலில் போய் நிற்பான். இரண்டு பேர் முதுகில் தொங்கினாலும் நகரமாட்டான். பவர் ஃபார்வர்டு என்பார்களே, அந்த ஜாதி. இப்படி ஒருவன் பத்து வருடத்துக்கு ஒருமுறை கண்ணில் பட்டாலே பெரிய விஷயம்.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பையன் பிடித்துவிட்டால் முகத்தில் காட்டக் கூடாது. ஆட்டம் பாதியில் கொட்டாவி விட்டுக்கொண்டு எழுந்து போய்விட வேண்டும். அப்போதுதான் மற்ற அணிக்காரன் மோப்பம் பிடிக்க மாட்டான். கூடவே, 'பையன் கொஞ்சம் மந்தம்பா' என்று நாலு பேர் காதில் போட்டுவைப்பார்கள். அவன் மதிப்பு இறங்கும், அணிகள் முறை வைத்துப் பையன்களை எடுக்கும்போது நம் முறை வரும்வரை மிஞ்சுவான். எல்லாரும் செய்கிற திருட்டுத்தனம்தான் இது, கார்னியும் செய்திருக்கிறார்.

இரண்டாம் பகுதி முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது அவர் கம்பளித் தொப்பியை மாட்டிக்கொண்டு எழுந்தார். பக்கத்தில் இருந்த வேறு அணியின் ஸ்கவுட் மெர்வ் ஸ்டோப் சிரித்தான்.

"யோவ் கார்னி, கிளம்பிட்டியா? அப்ப பையன் பிரமாதம்னு அர்த்தம்."

"என் பொண்டாட்டி ஆப்பிள் பை வாங்கிட்டு வரச் சொன்னாய்யா. கடையை மூடிருவான்."

வாசலில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்தார். திரும்பியிருக்கவே வேண்டாம். டாசன் மூலையில் குனிந்து பக் என்கிற ரப்பர் வட்டை எடுக்கப் போனான். பின்னாலிருந்து ஒருவன் வந்து மோதினான். தலை நேராகப் பலகைச் சுவரில் போய் அடித்தது. அந்தச் சத்தம் வாசல் வரைக்கும் கேட்டது. பையன் எழுந்தான். சறுக்கிக்கொண்டே எதிரணியின் பெஞ்சுக்குப் போய், கதவைத் திறக்கச் சொல்லித் தட்டினான். அங்கிருந்த பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். யாரோ தோளைப் பிடித்துத் திருப்பி அனுப்பினார்கள். இரண்டு நிமிடத்தில் மறுபடி இறங்கினான், கோலும் போட்டான். ரிங்கே அதிர்ந்தது.

கார்னி வீட்டுக்குப் போகவில்லை. ஆட்டம் முடிந்ததும் உடை மாற்றும் அறைக்கு வெளியே காத்திருந்தார். பையன் ஈரத் தலையோடு வந்தான்.

"தம்பி, ஆட்டம் எத்தனைக்கு எத்தனை?"

பையன் கொஞ்ச நேரம் அவர் ஜாக்கெட்டையே பார்த்தான். "நான் கோல் போட்டேனாம் சார். பசங்க சொன்னாங்க." அப்புறம் குரல் இறங்கிவிட்டது. "சார், இதை எழுதிடாதீங்க, ப்ளீஸ்."

அவன் அப்பா ரஸ் கோவல் மாட்டுப் பண்ணைக்காரர். நல்ல மனுஷன். கார்னி அவரைத் தனியே கூப்பிட்டு, பையனை உடனே டாக்டரிடம் காட்டச் சொன்னார்.

ரஸ் கண்ணைச் சுருக்கினார். "மிஸ்டர் ஃப்ரீசன், நான் விவசாயிதான், முட்டாள் இல்ல. பையனுக்கு அது சரியில்ல இது சரியில்லன்னு கிளப்பிவிட்டு, அப்புறம் சுளுவா நீங்களே எடுத்துக்கறதுதானே உங்க வித்தை?"

"சத்தியமா இல்லைங்க. அவனுக்கு ஸ்கோர்கூடத் தெரியல."

"எனக்கு இதே ரிங்க்ல நாலு பல்லு போச்சு. துப்பிட்டு ஆடினேன். போங்க, போய் வேற யாரையாவது ஏமாத்துங்க."

கோச்சிடம் போனார். "கோல் போட்டவனுக்கா தலையில அடி?" என்று கேட்டுவிட்டு கோச் தன் சாமான் மூட்டையோடு நடையைக் கட்டினார். மெர்வ் ஸ்டோப்பிடமே சொல்லிப் பார்த்தார், பாருங்கள், எதிரி ஆளிடம்! அவன் கார்னியின் முதுகில் ஓங்கித் தட்டினான். "எங்கிட்டயேவா? அவ்வளவு பிடிச்சிருக்கா உனக்கு அந்தப் பையனை!"

பத்தொன்பது வருடம் சொன்ன பொய்யெல்லாம் திரும்பி வந்து வாயை அடைத்துவிட்டது. இப்போது நிஜத்தைச் சொல்கிறார், நம்ப ஒரு ஆள் இல்லை.

வீட்டில் மனைவி லோயிஸ் கேட்டாள், "ஆப்பிள் பை எங்கே?" முகத்தைப் பார்த்ததும் அதை விட்டுவிட்டாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எழுதிடு கார்னி. உன்னால முடிஞ்சது அது ஒண்ணுதானே" என்றாள்.

எழுதினால் பையன் வருடக்கணக்காகக் கண்ட கனவு போகும். எழுதாவிட்டால் தலை போகும். அவர் எழுதினார். எப்போதும் எழுதுகிற மாதிரியே, கண்ணால் கண்டதை மட்டும், சுருக்கமாக: 'இரண்டாம் பகுதியில் தலையில் பலத்த அடி. எதிரணி பெஞ்சுக்குப் போனான். இரண்டு நிமிடத்தில் மறுபடி இறங்கினான். கோல். பிறகு ஸ்கோர் கேட்டேன், தெரியவில்லை.' இதைப் படிக்கிற எவனுக்கும் புரியும் என்று நினைத்தார். அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்கவும் செய்தார்.

மே மாதம் ஜூனியர் அணிகள் வரிசையாகப் பையன்களைப் பெயர் சொல்லி எடுக்கும் நாள் வந்தது. கார்னி பேருந்தைக் கழுவிக்கொண்டிருந்தபோது அவர் அணியின் தலைமை ஸ்கவுட் டுவேன் லெஸ்கியூ போனில் கூப்பிட்டார்.

"கோவலை எடுத்துட்டோம்பா! ரெண்டாவது சுற்றுலயே!"

கார்னி குழாயை மூடினார். "நான் எழுதினதைப் படிச்சியா டுவேன்?"

"படிச்சியாவா? அதை வச்சுதான் எடுத்தோம்! மீட்டிங்க்ல சத்தமா வாசிச்சேன். எந்த பெஞ்சுன்னே தெரியாத அளவுக்கு அடி வாங்கியிருக்கான், ஆனாலும் இறங்கி கோல் போட்டிருக்கான்! எல்லாரும் மேசையைத் தட்டினாங்க. இந்த மாதிரி ஒருத்தனைத்தானே வருஷக்கணக்கா தேடறோம்?"

"அட மடப்பயலே, அது பாராட்டு இல்லடா! எடுக்காதேன்னு எழுதினேன்!"

"எடுக்காதேன்னு அதுல எங்க இருக்கு?"

இல்லைதான். எழுதியிருக்கவில்லை. அந்தத் தொழிலில் அடிபட்டு எழுந்து ஆடினான் என்பதைவிடப் பெரிய மெச்சல் கிடையாது. அவரே எத்தனையோ பையன்களை அப்படி மெச்சி எழுதியிருக்கிறார். எப்படி மறந்தார்?

"அவனை ஒரு டாக்டர் பாக்கட்டும், டுவேன்."

"பயிற்சி கேம்ப்ல பாப்பாங்கப்பா. சந்தோஷப்படு, இது உன் பையன்!"

பார்த்தார்கள். கேட்ட கேள்விக்கெல்லாம் டாசன் சரியாகப் பதில் சொன்னானாம். தலைவலி உண்டா என்று கேட்டதற்கு இல்லை என்றானாம். பதினாலு வயதுப் பையன் வேறென்ன சொல்வான்?

ஆகஸ்ட் கடைசியில் கேம்ப் ஆட்டம் பார்க்க கார்னி போனார். போகாமல் இருக்க முடியவில்லை. ஒவ்வொரு மோதலுக்கும் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டார். பையன் மூன்று தடவை விழுந்தான், மூன்று தடவையும் எழுந்தான். ஒவ்வொரு தடவையும் எந்த பெஞ்சுக்குப் போகிறான் என்றே பார்த்துக்கொண்டிருந்தார். சரியான பெஞ்சுக்குத்தான் போனான். அப்பாடா என்றிருந்தது.

ஆட்டம் முடிந்து நடையில் ரஸ் கோவல் அவரைக் கட்டிப்பிடித்தார். சஸ்காட்டூன் என்கிற காட்டுப் பழத்தை ஒரு வாளி நிறையக் கையில் திணித்தார்.

"அன்னைக்குத் தப்பாப் பேசிட்டேன், மன்னிச்சிருங்க. நீங்க எழுதினதாலதான் எடுத்தாங்கன்னு டுவேன் சொன்னாரு. இந்த ஜென்மத்துக்கு மறக்க மாட்டோம்." பிறகு திரும்பி, "டாசன், இங்க வாடா!" என்றார்.

பையன் வந்தான். இன்னும் ஓர் அங்குலம் வளர்ந்திருந்தான். கையை நீட்டினான்.

"வணக்கம் சார். நான் டாசன் கோவல்."

"தெரியும் தம்பி. நாம பேசியிருக்கோமே."

பையன் அப்பாவைப் பார்த்தான், பிறகு அவரை. "அப்படியா? எங்க சார்?"

"வில்லோ பெண்ட்ல. ரூமுக்கு வெளியே."

"வில்லோ பெண்ட்ல என்னைப் பாத்தீங்கன்னு எல்லாரும் சொல்றாங்க." பையன் வெட்கத்தோடு சிரித்தான். "எனக்கு அந்த மேட்சே ஞாபகம் இல்ல சார். நான் நல்லா ஆடினேனா?"

ரஸ் வாய்விட்டுச் சிரித்தார். "அடக்கத்தைப் பாருங்களேன், மிஸ்டர் ஃப்ரீசன்!"

கார்னி இரண்டு கையாலும் பழவாளியைப் பிடித்துக்கொண்டு நின்றார். யாரிடம் சொல்வது? இங்கே இருக்கிற எல்லாரிடமும் சொல்லியாகிவிட்டது. பையன் பதிலுக்குக் காத்திருந்தான்.

"கோல் போட்டே தம்பி" என்றார்.