முதுகுக்குப் பின்னால் ஓடிய படம்

என் தம்பி தர்மேந்திரன் வேன் வாங்கிய அன்று, ஈப்போ பக்கம் குனோங் ராபாட்டில் எங்கள் வரிசை வீடுகளில் பாதிப் பேர் வாசலுக்கு வந்துவிட்டார்கள். பழைய வேன்தான். மெங்லெம்புவில் ஒரு சீனரிடமிருந்து வாங்கியது. பின்பக்கம் சின்னதாக ஒரு நசுங்கல்கூட இருந்தது. ஆனால் தர்மா பக்கக் கதவை இழுத்துத் திறந்து கூரையில் ஒரு பொத்தானை அழுத்தியதும், அங்கே மடங்கிக் கிடந்த திரை மெதுவாக இறங்கி வந்து நின்றது. பின்னால் உட்காருகிறவர்கள் படம் பார்ப்பதற்கென்றே வைத்த திரை. நான்கு மூலையிலும் ஒலிபெருக்கி.

"என்னடா இது, ஓடுற தியேட்டரா? டிக்கெட் எவ்வளவு?" என்றார் என் நாத்தனார் புஷ்பலதா.

"உங்களுக்கு ஃப்ரீ லா அக்கா. கடலைப் பொட்டலம் மட்டும் நீங்க கொண்டு வாங்க."

தர்மா லாரி ஓட்டுகிறவன். நாங்கள் பிறந்தது சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். அது இப்போது பாதி செம்பனைத் தோட்டம், பாதி வீடமைப்புப் பகுதி. பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்த கையோடு லாரி உதவியாளாகப் போனவன், லைசன்ஸ் எடுத்து, இன்று சிமெண்டு ஏற்றிக்கொண்டு தைப்பிங் வரை தனியாகப் போய் வருகிறான். ஞாயிற்றுக்கிழமை எங்கள் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போவதும் அவனேதான். ஆக, எங்கே போனாலும் அவன் முதுகுதான் எங்களுக்குத் தெரியும். அந்த வேனை அவன் வைத்திருந்த சுத்தத்தைச் சொல்ல வேண்டும். திரையை மூக்குக் கண்ணாடி துடைக்கும் துணியால் மட்டுமே துடைப்பான். உள்ளே முறுக்கு சாப்பிடக் கூடாது. இட்லி சாப்பிடலாம், சாம்பார் இல்லாமல்.

அந்தத் திரை யாருக்காக என்று கேட்டால் தர்மா சொல்ல மாட்டான். எனக்குத் தெரியும். என் மகள் யஷ்வினிக்காக.

யஷ்வினிக்குக் காது குத்துவது எங்கள் வீட்டில் தீராத கதையாக இருந்தது. முதல் பிறந்தநாளுக்கே தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் குத்தியிருக்க வேண்டும். அந்த வருஷம் நோய்ப் பரவலால் ஊரே அடைத்துக் கிடந்தது. மூன்று வயதில் எங்கள் பழைய தோட்டத்து மாரியம்மன் கோயிலில் ஏற்பாடு செய்தோம். ஆசாரி ஊசியை எடுத்ததும் பிள்ளை அலறிய அலறலில் கோயில் புறாக்கள் எல்லாம் பறந்துவிட்டன. ஆளுக்கொரு கையும் காலுமாகப் பிடித்தார்கள். அப்போது தர்மா தன் கைகளை விரித்துவிட்டான்.

"விடுங்க. அமுக்கிப் பிடிச்சுக் குத்துறதுன்னா என் மடியில வேணாம்."

அவள் இறங்கி ஓடி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். சொந்தக்காரர்கள் அவனைப் பேசிய பேச்சு கொஞ்சமில்லை. அவன் ஆசையாக வாங்கி வந்த தங்கத் தோடு சிவப்புக் காகிதத்தில் சுற்றியபடியே என் அலமாரியில் கிடந்தது.

இப்போது அவளுக்கு ஆறு வயது. ஜனவரியில் முதலாம் வகுப்பு. என் வீட்டுக்காரர் சதாசிவம் முடிவாகச் சொல்லிவிட்டார்: "இந்த ஞாயித்துக்கிழமைதான் கடைசி. நடக்கலன்னா ஈப்போ கடையில மிஷின்ல ஒரு நிமிஷத்துல குத்திட்டு வந்துருவேன். கோயிலும் வேணாம், மடியும் வேணாம்."

தர்மா எழுந்து போய் வேனைக் கழுவினான்.

வேன் வந்ததிலிருந்து யஷ்வினிக்கு ஒரே படம்தான். ஐஸைச் சீவிப் பாகு ஊற்றி ஐஸ் கச்சாங் விற்கும் ஒரு தவளையைப் பற்றிய மலாய் கார்ட்டூன். தினமும் யாரோ அதன் ஐஸைத் திருடிவிடுவார்கள். கண்டுபிடிக்க ஓர் இன்ஸ்பெக்டர் வருவார். தவில் அடிப்பதுபோல் ஒரு குரலில் "பெர்ஹெந்தி" என்பார். நில் என்று அர்த்தம். நம் சாலைப் பலகைகளில் எல்லாம் இருப்பதுதான். வேன் அப்படி ஒரு பலகை முன்னால் நிற்கும்போதெல்லாம் தர்மாவும் அதே குரலில் "பெர்ஹெந்தி" என்பான். பின்னால் அவள் உருண்டு புரண்டு சிரிப்பாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, தாம்பாளத்தில் தேங்காய், பழம், பூ, பட்டுப்பாவாடை, எல்லாவற்றுக்கும் மேலே தோடு என்று அடுக்கி, ஈரத்துணி போட்டு மூடி, என் மடியிலேயே வைத்துக்கொண்டேன். செமோர் தாண்டும் வரை யஷ்வினி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. புஷ்பலதாவும் எடுக்கவில்லை. படத்தின் கடைசிக் கட்டம் வந்தது. அதில் பேச்சே கிடையாது. விசில், ஓட்டம், டமால், அப்புறம் ஒரு கொட்டாவிச் சத்தம். பின்னால் இருந்த நாங்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

"என்னக்கா ஆச்சு?" என்றான் தர்மா, சாலையைப் பார்த்தபடியே.

சிரித்த சிரிப்பில் யாரும் அவனுக்குப் பதில் சொல்லவில்லை. அதற்குள் படம் மறுபடி முதலிலிருந்து ஓடத் தொடங்கிவிட்டது.

கோயில் வாசலில் வேன் நின்றது. ராமையா ஆசாரி மண்டபத்தில் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யஷ்வினி அதைப் பார்த்துவிட்டாள். இருக்கையின் இரண்டு கைப்பிடிகளையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "நான் இறங்க மாட்டேன். படம் முடியல" என்றாள்.

"ஆரம்பிச்சாச்சு" என்று என் வீட்டுக்காரர் பெருமூச்சு விட்டார்.

தர்மா திரும்பி அவளைப் பார்த்தான். பிறகு வேனை மெல்ல நகர்த்தி, பக்கக் கதவு சரியாகச் சன்னதியைப் பார்க்கும்படி நிறுத்தினான். பூசாரியிடம் போனான்.

"சாமி, வேன்லயே குத்தலாமா?"

பூசாரி சிரித்துவிட்டார். "எலுமிச்சம்பழம் வச்சு இந்த வேனுக்கு நான்தானே தம்பி பூசை போட்டேன்? சாமி முன்னாடிதானே நிக்குது. தாய்மாமன் மடி எங்க இருந்தா என்ன?"

"அது சரி, நான் எப்படிப்பா ஏறுறது?" என்றார் ராமையா. "இந்த முட்டிய வச்சிக்கிட்டு நான் கோயில் படி ஏறுறதே பெரிய பாடு."

அவர் ஏறுவதற்கு ஒரு முக்காலி வந்தது. தர்மா வேட்டியை மடித்துக்கொண்டு, முதன்முறையாகத் தன் வேனின் பின் இருக்கையில் உட்கார்ந்தான். யஷ்வினி அவன் மடிக்கு மாறினாள். கண் திரையிலேயே இருந்தது. அவனோ அவள் தலைமேல் கை வைத்து அவள் காதையே பார்த்துக்கொண்டிருந்தான். பூசாரி தீபம் காட்டினார். வண்டிப் புகை சன்னதிக்குள் போகிறது என்று யாரோ சொல்ல, என் வீட்டுக்காரர் இன்ஜினை மட்டும் நிறுத்தினார். படம் ஓடியது.

ராமையா முக்காலியில் நின்றபடியே, கதவுப் பக்கம் இருந்த இடது காதில் மஞ்சள் தடவினார். ஊசி போனதும் "ஆ" என்றாள். கை மேலே எழுந்தது. அந்தக் கையைத் தர்மா தன் கைக்குள் வாங்கிக்கொண்டான். திரையில் ஐஸ் பெட்டி தானாக நகர்ந்து போய்க்கொண்டிருந்தது. அழலாமா, பார்க்கலாமா என்று அவள் முகம் ஒரு கணம் யோசித்தது. பார்த்தாள். தோடு ஏறிவிட்டது.  பாதி வேலை முடிந்தது.

ராமையா முக்கி முனகி உள்ளே ஏறி, வலது பக்கம் வந்து உட்காருவதற்குள் திரை அணைந்துவிட்டது.

"மாமா, படம் போச்சு."

என் வீட்டுக்காரர் முன்னால் ஓடிச் சாவியைத் திருப்பினார். டிக் என்ற சத்தம் மட்டும் வந்தது. "பேட்டரி கோங் மச்சான். செத்துப்போச்சு."

"தியேட்டர மூடியாச்சு" என்றார் புஷ்பலதா. ஆனால் அவர் குரலிலும் கவலைதான் இருந்தது.

யஷ்வினி ஊசியைப் பார்த்தாள். அது இருக்கிற அளவு இப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. "எனக்கு ஒரு தோடு போதும்" என்றாள்.

"ஒத்தத் தோட்டோட ஸ்கூலுக்குப் போவியா?" என்றார் அவள் அப்பா. அவள் உதடு கோணியது. வெளியிலிருந்து "பிள்ளையப் பிடிங்கப்பா, சட்டுனு முடிச்சிரலாம்" என்று ஒரு குரல் வந்தது.

"யாரும் தொடாதீங்க" என்றான் தர்மா. முன்பு செய்ததுபோலவே கைகளை விரித்துவிட்டான். அவள் அவன் மடியிலிருந்து வழுக்கி இறங்கி, ஒரு காலைக் கதவுப் படியில் வைத்துவிட்டாள்.  தாய்மாமன் மடி இனி இல்லை என்றே நினைத்தேன்.

"பெர்ஹெந்தி."

அதே தவில் குரல். அவள் நின்றாள். திரும்பித் திரையைப் பார்த்தாள். திரை கறுப்பாகத்தான் இருந்தது. குரல் தர்மாவிடமிருந்து வந்தது. படம் எந்த இடத்தில் நின்றதோ அந்த இடத்திலிருந்தே அவன் பேசத் தொடங்கினான். தவளையின் அழுகை, ஐஸ் உரசும் சத்தம், கீச்சுக் குரலில் ஒரு சாட்சி, மறுபடி இன்ஸ்பெக்டர். ஒரு வார்த்தை பிசகவில்லை. அத்தனையும் சாலையைப் பார்த்துக்கொண்டே காதில் வாங்கியது.

"அப்ப அந்த எருமை கோவமா வருது..."

"எந்த எருமை?"

"இன்ஸ்பெக்டர் எருமை."

"மாமா, இன்ஸ்பெக்டர் எறும்பு."

தர்மா நிஜமாகவே திகைத்துப்போனான். "எறும்பா? எறும்புக்கா இவ்ளோ பெரிய தொண்டை?"

"சின்ன எறும்பு. தொப்பிதான் பெருசு."

"அப்ப கீச்சு கீச்சுன்னு பேசுமே, அந்த எலி?"

"அது யானை லா மாமா."

ராமையா ஊசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். யஷ்வினி சிரிக்கவில்லை. மாமாவை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "நீ படமே பார்த்ததில்லையா?"

"எப்படிம்மா பார்க்கிறது? எனக்குப் பின்னாடில்ல ஓடுது. நான் ரோட்டத்தானே பார்க்கணும்." தர்மா குரலைத் தாழ்த்தினான். "கடைசியில பேச்சே வராது. டமால்னு ஒரு சத்தம், நீங்க எல்லாரும் சிரிப்பீங்க. ஏன் சிரிக்கிறீங்கன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது."

படியில் இருந்த கால் உள்ளே வந்தது. "நான் சொல்லவா?"

"சொல்லு. ஆனா தாத்தா இந்தக் காதுக்கும் தோடு போடணும். வலிக்கும், பொய் சொல்ல மாட்டேன். பாதியில நீ போயிட்டா எனக்குக் கடைசி வரைக்கும் தெரியாமலே போயிரும்."

அவள் ஆசாரியைப் பார்த்தாள். "மெதுவாப் போடுங்க தாத்தா." பிறகு தானாகவே ஏறி அவன் மடியில் உட்கார்ந்துகொண்டாள். "மாமா, ஆடாம கேளு."

"ஆடல."

"தலைய ஆட்டாத."

"நீயும் ஆட்டாத."

இரண்டு பேரும் கோயில் சிலைபோல் உட்கார்ந்திருந்தார்கள். "எறும்பு விசில் அடிக்கும். தவளை ஓடும். ஐஸ் பெட்டிய திறந்தா..." ஊசி போனது. கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. வாய் மட்டும் நிற்கவில்லை. "...திறந்தா, உள்ள யானை தூங்கிக்கிட்டு இருக்கு மாமா. அதுக்குப் புழுக்கமா இருந்துச்சு. கொட்டாவி விடுது. அதுதான் அந்தச் சத்தம்."

"யானையா!" என்றான் தர்மா. அவன் கண்ணிலும் நீர் இருந்தது. "அவ்ளோ சின்னப் பெட்டிக்குள்ளயா?"

ராமையா தோட்டின் திருகைச் சுற்றி முடித்து, "ஆச்சு" என்றார். வெளியே குலவை போட்டார்கள். புஷ்பலதாவின் குலவைதான் எல்லாவற்றையும்விட நீளமாக இருந்தது. என் வீட்டுக்காரர் வந்து மச்சானின் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

பக்கத்து வீடமைப்பிலிருந்து ஒருவர் காரையும் கேபிளையும் கொண்டு வந்து வேனுக்கு உயிர் கொடுத்தார். தர்மா ஓட்டுநர் கதவைத் திறக்கப் போனான். யஷ்வினி அவன் வேட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமா பின்னாடி. அம்மா ஓட்டட்டும்."

எனக்கு லைசன்ஸ் உண்டு. வீட்டில் இருந்த பழைய காஞ்சில் காரை ஓட்டிய பழக்கம்தான். இவ்வளவு பெரிய வண்டியைத் தொட்டதில்லை. தர்மா சாவியை என் கையில் வைத்தான். அந்த வேனின் சாவியை அவன் வேறு யாரிடமும் கொடுத்து நான் பார்த்ததில்லை. இருக்கையை முன்னால் இழுத்துவிட்டேன், கண்ணாடிகளை எனக்கு ஏற்றபடி திருப்பினேன், பெல்ட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்தேன். புறப்பட்டோம்.

பின்னால் படம் முதலிலிருந்து ஓடியது. "அட, தொப்பி நிஜமாவே பெருசுதான்" என்று தர்மாவின் குரல் கேட்டது. "ஷ்ஷ்" என்றாள் யஷ்வினி. செமோர் வந்தது. விசில். ஓட்டம்.  டமால். அந்தக் கொட்டாவி. அப்புறம் என் தம்பி சிரித்தான். சின்ன வயதில் சிரித்தது போலவே, மூச்சு வாங்க, இருமல் வரும் வரைக்கும் சிரித்தான்.

அந்த முகத்தை ஒரே ஒரு முறை பார்த்துவிட வேண்டும் என்று என் பார்வை பின்பக்கம் காட்டும் கண்ணாடிக்குப் போனது.

"அக்கா" என்றான் பின்னாலிருந்து, சிரிப்பு அடங்காமலே. "ரோட்டப் பாருக்கா."