ஒரு லாட்டுக்கு ஒரு சாம்பிள்

1. சத்தம்

எங்கள் தோல் ஃபேக்டரிக்குக் கம்ப்யூட்டர் வந்த முதல் வாரத்திலேயே மேனேஜர் நஸீர் பாய்க்கும் அதற்கும் ஆகவில்லை. அவருடைய கோபம் கம்ப்யூட்டர் மேல் இல்லை, அதோடு வந்த கன்சோல் பிரிண்டர் மேல். சிஸ்டத்துக்குள் எது நடந்தாலும் அது ஒரு வரி அடிக்கும். யாராவது டெர்மினல் திரை முன்னால் உட்கார்ந்தால் ஒரு வரி, எழுந்தால் ஒரு வரி, கரண்ட் ஏறி இறங்கினால் ஒரு வரி. எண்பதுகளின் நடுவில் ஆம்பூரில் கரண்ட் ஏறி இறங்காத நேரம் என்று ஒன்று இருந்ததா என்ன?

பாயின் அறைக்கும் கம்ப்யூட்டர் ரூமுக்கும் நடுவே ஒரு பிளைவுட் தடுப்புதான். ஒரு நாள் அதைத் தட்டிக்கொண்டே வந்தார்.

"இன்னா ஏழுமலை, உன் மிஷின் நாள் பூரா பேஜார் பண்ணுது? ஃபாரின் பார்ட்டி போன்ல பேசறது ஒண்ணும் கேக்கல. பேப்பர் வேற பெட்டி பெட்டியா போவுது."

"சிஸ்டம் மெசேஜ் பாய். இன்னா நடக்குதுன்னு அது சொல்லிட்டே இருக்கும்."

"ஒரு தடவ சொன்னா போதாதா? நான் இன்னா செவிடனா?"

சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர் என்ற பெயரெல்லாம் எனக்கு அப்போது கிடையாது. 'கம்ப்யூட்டர் ஏழுமலை' என்பார்கள். அதற்கு முன்னால் ஒன்பது வருஷம் 'சாம்பிள் ஏழுமலை'. ஃபினிஷ் ஆன தோலில், ஒரே மாதிரித் தோல்கள் சேர்ந்த ஒவ்வொரு லாட்டுக்கும் ஒரு தோலைத் தேர்ந்தெடுத்து, ஒரு துண்டு வெட்டி, டேக் கட்டி, வாங்க வருபவர்களுக்குக் காட்டுவது என் வேலை. அங்கிருந்து மூன்று வாரம் மெட்ராசில் ட்ரெயினிங் கொடுத்து இந்த ரூமில் உட்கார வைத்தார்கள். ஆளை மாற்றினார்கள், புத்தியை மாற்ற மூன்று வாரம் போதவில்லை.

பாய் சொன்னது எனக்கும் நியாயமாகவே பட்டது. ஐந்நூறு தோல் உள்ள லாட்டுக்கு ஐந்நூறு சாம்பிளா வெட்டுகிறோம்? மெசேஜ்களைக் கன்சோலுக்கு அனுப்பும் இடத்தில் நம்முடைய புரோகிராம் ஒன்றைச் செருகிக்கொள்ள அந்த சிஸ்டத்தில் வழி இருந்தது. நான்கு நாள் உட்கார்ந்து ஒன்று எழுதினேன். வரும் மெசேஜின் முதல் இருபது எழுத்தை அது பார்க்கும். அதே இருபது எழுத்தோடு அந்த வாரத்தில் ஏற்கெனவே ஒரு மெசேஜ் வந்திருந்தால், இதுவும் அதே லாட் என்று எடுத்துக்கொள்ளும். லாட்டில் முதலில் வந்தது மட்டும் பிரிண்டருக்குப் போகும். மற்றதெல்லாம் குப்பை. டிஸ்க்கில் இடம் குறைவு என்பதால் அதிலும் எழுதி வைக்கவில்லை.

பிரிண்டர் வாயை மூடிக்கொண்டது. ஒரு வாரத்துச் செய்தி அரைப் பக்கத்தில் அடங்கியது. பாய் எனக்குக் கை கொடுத்தார், எல்லோருக்கும் பிரியாணி வரவழைத்தார், முதலாளியிடம் என் பெயரைச் சொன்னார். எனக்குத் தலை கால் புரியவில்லை.

2. நாற்பத்திரண்டு கட்டு

எங்கள் ரூமில் டேட்டா அடிப்பவர்களில் கைவேகம் கஸ்தூரிக்குத்தான். குடியாத்தத்தில் லுங்கி நெய்யும் குடும்பம். தினமும் காலை பாசஞ்சரில் வருவாள். வீட்டில் பவர்லூம் ஓடுகிறது, கைக்கு வேலை இருக்கிறது, பெண் எதற்கு ஆம்பூர் வரை போக வேண்டும் என்பது அவள் அப்பாவின் கட்சி. ஆறு மாதம் பார்க்கலாம் என்று அரை மனதோடு அனுப்பியிருந்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை மெட்ராஸ் துறைமுகத்துக்குச் சரக்கு போக வேண்டும். நாற்பத்திரண்டு கட்டுத் தோல். ஒவ்வொரு கட்டின் நம்பர், எண்ணிக்கை, சதுர அடி எல்லாவற்றையும் கஸ்தூரி அடித்தாள். பேக்கிங் லிஸ்ட் வெளியே வந்ததும் குடோன் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பது அவள் வழக்கம். அன்று லாரி ஹாரன் அடித்துக்கொண்டு நின்றது. பாய் வந்து லிஸ்ட்டைக் கிழித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வியாழக்கிழமை துறைமுகத்திலிருந்து போன் வந்தது. பெட்டியில் நாற்பத்திரண்டு கட்டு, லிஸ்ட்டில் முப்பத்தெட்டு. சரக்கை நிறுத்திவிட்டார்கள், கப்பல் போய்விட்டது.

"ஏம்மா, நாலு கட்ட முழுங்கிட்டியே! கவனம் எங்க இருக்குது உனக்கு?" பாயின் குரல் தோல் பதனிடும் டிரம் ஓடும் ஷெட் வரை கேட்டிருக்கும்.

"நான் அடிச்சேன் சார். நாப்பத்திரெண்டும் அடிச்சேன்."

"அப்போ மிஷின் துன்னுடுச்சா? ஏழுமலை, மிஷின் ஏதாச்சும் சொல்லிச்சா?"

கன்சோல் பேப்பரைப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமைக்கு நேராக ஒரு பிழையும் இல்லை. "ஒண்ணும் இல்ல பாய்" என்றேன். எவ்வளவு தைரியமாகச் சொன்னேன் என்பதை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

பாய் அவளை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார். இனி வர வேண்டாம் என்பதையும் ரூமில் எல்லோர் முன்னாலும் சொன்னார். அவள் அழவில்லை. டிபன் பாக்ஸை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு, "நான் அடிச்சேன் சார்" என்று என்னைப் பார்த்து இன்னொரு தடவை சொல்லிவிட்டுப் போனாள். வேலையில் தப்புப் பண்ணிவிட்டாள் என்ற பேரோடு திரும்பினால் அவள் அப்பா இன்னொரு வேலைக்கு அனுப்ப மாட்டார். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் எழுந்திருக்கவில்லை.

3. எத்தனை தடவை?

சனிக்கிழமை மெட்ராசிலிருந்து சர்வீஸ் இன்ஜினியர் வந்தார். மாதம் ஒரு தடவை வருகிற மனிதர், என்னைவிட வயதில் சிறியவர். வந்ததும் கன்சோல் லாக், அதாவது பிரிண்டர் அடித்த பேப்பர், கேட்டார். கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வாரத்துக்கு அரைப் பக்கமா? மிஷின் ஊமையா இருந்துச்சா சார்?"

பெருமையாக என் புரோகிராமை விளக்கினேன். அவர் சிரிக்கவில்லை. திங்கட்கிழமை காலை வந்திருந்த ஒரு வரியில் விரலை வைத்தார். டிஸ்க்கில் எழுதும்போது பிழை, மறுபடி முயன்றதில் சரியானது என்று ஆங்கிலத்தில் இருந்தது.

"இது அப்புறம் எத்தன தடவ வந்துது?"

"தெரியாது."

"தெரியாதுன்னா?"

"எண்ணலீங்க."

"ஒரு தடவ வந்தா சகஜம் சார். ஒரே நாள்ல அம்பது தடவ வந்தா டிஸ்க் போகப் போகுதுன்னு அர்த்தம். எத்தன தடவங்கறதுதான் இதுல விஷயமே."

பிறகு இன்னொன்றும் கேட்டார். "சரி, எழுதவே முடியலன்னா வேற மெசேஜ் வருமே, அது வந்துதா?" இரண்டு மெசேஜையும் ஒரு தாளில் எழுதிக் காட்டினார். விரல் வைத்து எழுத்துகளை எண்ணினேன். முதல் இருபது எழுத்து இரண்டுக்கும் ஒன்றே. 'சரியானது', 'எழுத முடியவில்லை' என்ற வித்தியாசம் வரியின் கடைசியில்தான் வருகிறது. என் கணக்கில் இரண்டும் ஒரே லாட். சாம்பிளுக்கு அடுக்கில் மேலே இருக்கும் தோலை எடுக்காதே, உள்ளே வேறு மாதிரி இருக்கும் என்று ஒன்பது வருஷம் மற்றவர்களுக்குச் சொன்னவன் நான். மெசேஜில் மேலே இருந்ததைத்தான் எடுத்திருக்கிறேன்.

புரோகிராமை எடுத்துவிட்டு, குடோன் சீட்டை வைத்து நாற்பத்திரண்டு கட்டையும் நானே அடித்தேன். ஒவ்வொரு கட்டும் முடிந்ததும் திரை சமர்த்தாக அடுத்த கட்டுக்குப் போனது. டெர்மினலில் ஒரு குறையும் தெரியவில்லை. பின்னால் பிரிண்டர் மட்டும் கத்தித் தீர்த்தது. ஐந்து கட்டு டிஸ்க்கில் ஏறவில்லை. கஸ்தூரிக்கு நான்கு, எனக்கு ஐந்து.

இன்ஜினியர் டிஸ்க்கை மாற்ற வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு ரயிலுக்குக் கிளம்பினார். கஸ்தூரி விஷயம் அவருக்குத் தெரியாது. பாய்க்கு மெசேஜ் விஷயம் தெரியாது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கக்கூடியவன் நான் ஒருவன்தான். டிஸ்க் பழுது, மாற்றச் சொல்லியாகிவிட்டது என்று முடித்துக்கொண்டால் கேட்க ஆளில்லை. என்னைத் திரும்ப சாம்பிள் செக்‌ஷனுக்குத் தள்ளிவிடுவார்கள் என்ற பயம் வேறு. சாயங்கால அசர் தொழுகைக்குப் போன பாய் திரும்பி வரும்வரை அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். நான் நல்லவன் என்று நினைத்துக்கொண்டிருந்ததெல்லாம் அந்த அரை மணியில் போய்விட்டது.

அவர் வந்ததும் பேப்பரை மேஜையில் விரித்து எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவார் என்று காத்திருந்தேன். தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுப் பேப்பரை வரி வரியாகப் பார்த்தார்.

"மிஷின் வாயக் கட்டினது நீ. கட்டச் சொன்னது நானு" என்றார் கடைசியில். "லிஸ்ட்ட சரி பாக்க வுடாம புடுங்கினு போனதும் நான்தான். காலைல ஜீப் எடுக்கச் சொல்லு. குடியாத்தம் போலாம்."

"ஒரு லெட்டர் போட்டா..."

"லெட்டர்ல சொல்ற விஷயமா இது?"

4. குடியாத்தத்தில்

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் போனபோது கஸ்தூரி வாசல் அறையில் தறிக்கு நூல் தார் சுற்றிக்கொண்டிருந்தாள். தறிச் சத்தத்தில் பாய் பேசியது அவள் அப்பாவுக்குக் கேட்கவில்லை. அவர் தறிகளை ஒவ்வொன்றாக நிறுத்தினார். அந்த அமைதியில் பாய் மறுபடியும் முதலிலிருந்து சொன்னார்.

"உங்க பொண்ணு மேல ஒரு தப்பும் இல்லீங்க. தப்பு எங்களுது. மன்னிச்சிடுங்க. நாளைக்கு அவங்கள வேலைக்கு அனுப்பணும்."

அப்பா துண்டால் கையைத் துடைத்துக்கொண்டார். "போவச் சொன்னது எங்க வச்சி?"

"ஆபீஸ்ல."

"எல்லார் எதுருலயும்தான? அப்போ இதயும் அங்கயே எல்லார் எதுருலயும் சொல்லுங்க. இங்க எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது?"

"சொல்றேன்" என்றார் பாய். திங்கட்கிழமை காலை சொன்னார். டிரம் ஷெட்டிலிருந்தும் ஆட்களை வரச்சொல்லி நிறுத்திச் சொன்னார்.

ஆனால் நான் கஸ்தூரியிடம் சொல்ல வேண்டியது பாக்கி இருந்தது. அன்று மதியம் அவள் டெர்மினல் பக்கத்தில் போய் நின்று, "எம்மேல கோவமா இருப்பே" என்று ஆரம்பித்தேன்.

"பாய் திட்டினது கூட பரவால்ல சார்" என்றாள். "வீட்டுக்குப் போயி நாலு நாளா யோசிச்சேன். மிஷின்லயே ஒண்ணும் இல்லன்னு நீங்க சொன்னீங்க. நீங்க பொய் சொல்ல மாட்டீங்க. அப்போ நான்தான் அடிக்காம வுட்டிருப்பேன்னு எனக்கே தோணிடுச்சு. நேத்து நீங்க வந்தப்போ, அப்பாகிட்ட தப்ப ஒத்துக்கலாம்னு இருந்தேன்."

 

அந்த வாரமே புரோகிராமை மாற்றினேன். வரியின் கடைசி எழுத்துவரை பார்க்க வைத்தேன். ஒரே மெசேஜ் திரும்பத் திரும்ப வந்தால் ஒரு தடவை அடித்து, பக்கத்தில் எத்தனை தடவை வந்தது என்று எண்ணிக்கை போட வைத்தேன். எழுத முடியாத பிழை கன்சோலோடு நிற்காமல், அதை அடித்தவரின் திரையிலும் வர வழி செய்தேன். அந்த மெசேஜ் வரும்போது டெர்மினலும் ஒரு தடவை கூவும். பாய் அதைப் பற்றி ஒரு நாளும் குறை சொல்லவில்லை.

இப்போது இந்த வேலையில் இருக்கும் தம்பி தங்கைகளிடமும் யாராவது வந்து லாக் ஜாஸ்தியாக இருக்கிறது, குறை என்பார்கள். குறைக்கலாம், தப்பில்லை. ஆனால் குறைத்த லாக்கைக் கையில் வைத்துக்கொண்டு "ஒண்ணும் இல்ல" என்று சொல்லாதீர்கள். "நான் பார்க்கவில்லை" என்று சொல்லுங்கள். நான் அன்றைக்கு அப்படிச் சொல்லியிருந்தால், செய்யாத தப்பை ஒத்துக்கொள்ள ஒரு பெண் நாலு நாளாகத் தன்னைத் தயார் செய்துகொண்டிருக்க மாட்டாள்.