பாக்கெட்டில் ஒரு கை

‘மூன்று தலைமுறைக் கைப்பக்குவம்’ என்று முறுக்குப் பாக்கெட்டில் அச்சிட்டிருக்கிறார்கள். பொய். கொரட்டூரில் ஒற்றைக் கடையாக இருந்த காலத்திலிருந்தே அந்தக் கைப்பக்குவம் முதலாளி குடும்பத்துடையதல்ல, முறுக்கு மாஸ்டருடையது. முழங்கைவரை எண்ணெய் தெறித்த தழும்புகள். ஒவ்வொரு ஈட்டிலும் ஒரு முறுக்கைக் காதருகே ஒடித்துக் கேட்பார்.

பிறகு அம்பத்தூரில் இயந்திரங்களோடு ஆலை வந்தது. பழைய கடையில் விளம்பரப் படம் எடுத்த அன்று நான் முறுக்கு வாங்க நின்றிருந்தேன். மாஸ்டர் முறுக்கு அச்சைக் கையில் எடுத்ததும் கேமரா இரண்டு முறை மின்னியது. அடுப்பு மூட்டாமலே எண்ணெயில் பிழியச் சொன்னான் முதலாளியின் மகன்.

“சும்மா நடிங்க மாஸ்டர். இல்லன்னா நாளைலேர்ந்து வேலைக்கு வராதீங்க.”

“மெஷின்ல சுட்டத என் கையால சுட்டதுன்னு ஊரை ஏமாத்துறியா நைனா? அடுப்ப மூட்டு, அப்பால படம் புடி!”

அச்சை மேடையில் அறைந்துவிட்டுப் போனவர் திரும்பவில்லை.

இப்போது பாக்கெட்டில் உள்ள படத்தில் ஒரு கை முறுக்கு பிழிகிறது. வழுவழுப்பான கை. வேறு ஆளுடையதா, அவருடைய தழும்புகளை அழித்துவிட்டார்களா என்பதை இன்னும் என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.