தண்ணி அக்கா நிறுத்திய ஆறு இயந்திரங்கள்

அந்த டயாலிசிஸ் நிலையத்தில் எல்லோரும் அவரைத் தண்ணி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். லிஃப்ட் மெக்கானிக்கான அவருடைய கணவருக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே சிரிப்பு வந்துவிடும். "ஆஸ்பத்திரிக்குள்ள சரி, தெருவுல யாராவது அப்படிக் கூப்பிட்டா என் மானம் போயிடும்" என்பார்.

முப்பத்தெட்டு வயதில் தரை துடைக்கத்தான் அக்கா அங்கே சேர்ந்தார். மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறை. குழாய்த் தண்ணீர் அங்கே இரண்டு கரித்தொட்டிகள் வழியாகவும் மெல்லிய வடிகட்டிகள் வழியாகவும் சுத்தமாகி, ஆறு இயந்திரங்களுக்கும் போகும். அந்த அறையைத் துடைக்கும்போதெல்லாம் அக்காவுக்கு ஒரு சந்தேகம். இவ்வளவு பாடுபட்டுச் சுத்தம் செய்த தண்ணீரில், இயந்திரத்துக்குள் போனதும் மறுபடி எதற்கு உப்பைக் கலக்கிறார்கள்? ஒருநாள் டாக்டரிடம் கேட்டே விட்டார்.

டாக்டர் அக்காவைவிட வயதில் சின்னவர். பதில் சொல்வதற்குப் பதிலாக இரண்டு கண்ணாடிக் குழாய்களை எடுத்தார். ஒன்றில் சுத்தமான தண்ணீர், மற்றதில் சரியான அளவு உப்பு கலந்த தண்ணீர். இரண்டிலும் ஒரு சொட்டு ரத்தம் விட்டார். உப்புத் தண்ணீர் கலங்கலாகவே இருந்தது. சுத்தத் தண்ணீரோ கொஞ்ச நேரத்தில் கண்ணாடி போலத் தெளிந்த சிவப்பாகிவிட்டது. பின்னால் செய்தித்தாளைப் பிடித்தால் எழுத்தைப் படிக்கலாம்.

"ரத்தத்துல இருக்கிற ஒவ்வொரு செல்லுக்கும் மெல்லிசா ஒரு தோல் உண்டு. உள்ளே உப்பு அதிகம், வெளியே ஒண்ணுமே இல்லைன்னா தண்ணி உள்ளே புகுந்துக்கிட்டே இருக்கும். தாங்க முடியாம வெடிச்சிடுச்சு, பாருங்க" என்றார் டாக்டர்.

அன்று வீட்டுக்குப் போன அக்கா, சாப்பிடும்போது இதையே மகளிடமும் கணவரிடமும் இரண்டு தடவை சொன்னார். அடுத்த வாரமே, தண்ணீர் அறை வேலையைக் கற்றுக்கொள்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். மகளுடைய பள்ளிப் புத்தகத்தில் செல்லைப் பற்றிய பாடத்தை எழுத்துக் கூட்டிப் படித்தார். ஒன்றரை வருடத்தில் அந்த அறைச் சாவி அவர் இடுப்புக்கு வந்துவிட்டது.

புதிதாக வரும் நோயாளிகள் பயந்தால், அக்காதான் பக்கத்தில் உட்கார்ந்து விளக்குவார். இயந்திரத்தில் மாட்டியிருக்கும் இந்த வடிகட்டிக்குள் முடி மாதிரி ஆயிரக்கணக்கான குழல்கள் இருக்கின்றன. குழலுக்கு உள்ளே உங்கள் ரத்தம், வெளியே நம் தண்ணீர். நடுவில் இருக்கும் சவ்வில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள். ரத்த செல் பெரிசு, அதால் வர முடியாது. கழிவு பொடிசு, நெரிசலாக இருக்கும் பக்கத்திலிருந்து காலியாக இருக்கும் பக்கத்துக்கு அது தானே நகர்ந்துவிடும், கூட்டமான பஸ்ஸிலிருந்து ஆட்கள் இறங்குவது மாதிரி என்பார்.

அக்கா அவர்களிடம் சொல்லாத ஒன்றும் உண்டு. சவ்வுக்கு நல்லது கெட்டது தெரியாது. பொடிசாக இருந்தால் தண்ணீரிலிருந்தும் ரத்தத்துக்குப் போய்விடும். ஒரு தடவைக்கு ஒரு ஆளுக்கு நூற்றிருபது லிட்டர் தண்ணீர் அந்தச் சவ்வை உரசிக்கொண்டு ஓடுகிறது. குழாய்த் தண்ணீரில் கிருமி சாகக் கலக்கும் குளோரின் மருந்து, குடித்தால் ஒன்றும் செய்யாது. சவ்வு வழியாக நேரே ரத்தத்தில் இறங்கினால் சிவப்பணுக்களை உடைத்துவிடும். அதனால் தினமும் காலையில் ஆட்கள் வருவதற்கு முன்பே, குளோரினைப் பிடித்து நிறுத்தும் கரித்தொட்டியைத் தாண்டி வரும் தண்ணீரைக் குப்பியில் பிடித்து, சோதனைத் தூளைப் போட்டுப் பார்ப்பார். நிறம் மாறக் கூடாது. பதினொரு வருடமாக மாறியதில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை லேசாக ரோஜா நிறம் வந்தது.

குப்பி அழுக்கோ என்று கழுவிவிட்டு மறுபடி பார்த்தார். அதே நிறம். புதுத் தூள் பிரித்தார். ஜன்னல் வெளிச்சத்தில் நர்ஸையும் பார்க்கச் சொன்னார். முதல் தொட்டி மட்டுமல்ல, இரண்டாவது தொட்டியைத் தாண்டி வந்த தண்ணீரிலும் அதே ரோஜா நிறம். அக்கா போய், ஆட்கள் வருவதற்காகத் தயாராகிக்கொண்டிருந்த ஆறு இயந்திரங்களையும் நிறுத்திவிட்டு, டாக்டருக்குப் போன் செய்தார்.

அதற்குள் அன்று காலைக்கான நோயாளிகள் ஆறு பேரும் வந்துவிட்டார்கள். நிர்வாகி குப்பியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இது ஒரு நிறமா, கண்ணுக்கே சரியாகத் தெரியவில்லையே, டாக்டர் வரும்வரை ஓடட்டுமே என்றார். அக்கா தண்ணீர் அறையைப் பூட்டிவிட்டு, சாவியைக் கொடுக்கவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டிருந்த ஒரு அம்மாவை மட்டும் ஆம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார். மற்ற ஐந்து பேருக்கும் நாற்காலி போட்டார்.

அவர்களில் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் ஒருவர். மூன்று நாளாகச் சேர்ந்த நீரில் கால் வீங்கி, செருப்பே நுழையவில்லை அவருக்கு. எழுந்து நின்று சத்தம் போட்டார்.

"முப்பது வருஷம் வண்டி ஓட்டினவன் நான். ஏதோ லேசா தெரியுதுன்னு இத்தனை பேரை உக்கார வைப்பாங்களா?"

அக்கா குரலை உயர்த்தவில்லை.

"பிரேக் லேசா பிடிக்கலைன்னா வண்டிய எடுப்பீங்களா, அண்ணே?"

டிரைவர் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் பக்கத்து நாற்காலிக்காரர் முணுமுணுத்தபோது, "சும்மா இருய்யா, பிரேக் விஷயம்" என்று அவரை அடக்கியதும் அதே டிரைவர்தான்.

ஏழரைக்கு டாக்டர் வந்து, தானே ஒரு தடவை சோதித்துவிட்டு, அக்கா செய்ததுதான் சரி என்று நிர்வாகியிடம் சொன்னார். விசாரித்ததில் விஷயம் தெரிந்தது. நகராட்சி ஆட்கள் இரண்டு தெரு தள்ளி உடைந்த குழாயைச் சரிசெய்துவிட்டு, தண்ணீரில் குளோரின் மருந்தைக் கூட்டிக் கலந்திருக்கிறார்கள். ஏற்கெனவே களைத்துப்போயிருந்த கரி அதைத் தாங்கவில்லை. புதுக் கரி கொண்டுவந்து நிரப்பி, கழுவிக் கழுவி விட்டு, மதியம் ஒன்றரைக்குத்தான் குப்பியில் நிறம் வருவது நின்றது. காத்திருந்த ஐந்து பேருக்கும் இயந்திரங்களை ஓடவிட்ட பிறகுதான் அக்கா ஒரு டம்ளர் டீ குடித்தார். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன அம்மாவும் நன்றாக இருக்கிறார் என்று தகவல் வந்தது.

அடுத்த முறை வந்த டிரைவர் நேரே கட்டிலுக்குப் போகவில்லை. தண்ணீர் அறை வாசலில் நின்று, "எங்கே, காட்டு" என்றார். அக்கா குப்பியை ஜன்னல் பக்கம் பிடித்தார். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உற்றுப் பார்த்துவிட்டு, "ம்" என்று போய்ப் படுத்தார். அதைப் பார்த்து மற்றவர்களும் கேட்க ஆரம்பித்தார்கள். ஆறு பேருக்கும் காட்டி முடிக்க வேண்டியிருப்பதால், இப்போதெல்லாம் அக்கா வீட்டிலிருந்து பத்து நிமிடம் முன்னதாகவே கிளம்புகிறார். அதில் அவருக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.