லோடு கயிற்றில் ஊஞ்சல்

தீபாவளி முடிந்து பட்டாசுக் கம்பெனிக்கு லீவு. இன்று காலை அக்கா வீட்டுக்காரர், என் அத்தான், கொல்லை வேப்பமரத்தில் ஊஞ்சல் கட்டினார். பட்டாசு லாரிகளில் லோடு கட்டுகிறவர். ஊஞ்சலுக்கும் பழைய லோடு கயிறுதான்.

முடிச்சில் குறை சொல்ல முடியாது. ஆனால் கயிற்றைத் தொட்டதும் உள்ளங்கையில் வெள்ளைப் பொடி ஒட்டியது. வருஷம் முழுக்க வெயிலில் கிடந்த நைலான்.

அத்தானிடம் நான் அதிகம் பேசுவதில்லை; சொல்லலாமா என்று தயங்கினேன். அதற்குள் அக்கா மகள் ஏறப் போய்விட்டாள்.

"அத்தான், பிள்ளைய ஏத்தாதீக. கயிறு இத்துப் போயிருக்கு."

"எம்புட்டுப் பெட்டியத் தாங்குன கயிறு! இவ ஒரு பெட்டி கனங்கூட இல்ல. காலேஜுல கயிறு பாக்கவும் சொல்லிக் குடுத்தாகளோ?"

அக்கா சிரித்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"பெட்டி ஆடாது அத்தான்" என்று மட்டும் சொன்னேன்.

அவர் என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு ஒரு சாக்கில் மண் நிரப்பி, ஊஞ்சலில் வைத்து, அவரே வீசி ஆட்டினார். ஐந்தாவது ஆட்டத்தில், கிளையில் உரசிய இடத்தில் கயிறு அறுந்தது. சாக்கு, பக்கத்தில் இருந்த துணி துவைக்கிற கல்லில் விழுந்து கிழிந்தது.

அக்கா பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். வேறு யாரும் எடுத்துக் கட்டிவிடக் கூடாதென்று அத்தான் அந்தக் கயிற்றை அரிவாளால் துண்டு துண்டாக வெட்டினார்.

பிள்ளைக்கு இதெல்லாம் புரியவில்லை. "சித்தி சொல்லித்தான் ஊஞ்சல் அந்து போச்சு" என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். என்னோடு பேச்சும் இல்லை.

பிள்ளைகளிடம் இப்படிக் கெட்ட பெயர் வாங்கியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். எனக்குத் துணைக்கு ஆள் வேண்டும்.